திருநந்தவனத்தின் ஆறு பருவங்கள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோயில்களில் நித்தியமும் நடைபெறும் கைங்கர்யங்கள் பலவாம். திருமஞ்சனம், திருவாராதனம், தளிகை, திருவிளக்கு, வேதபாராயணம், அருளிச்செயல் ஸேவை என்று அவை விரியும். அவற்றுள் திருமாலைக் கைங்கர்யத்திற்கு ஒரு தனித்தன்மை உண்டு. தளிகைக்கு வேண்டிய அரிசியைச் சேர்த்து வைக்கலாம். நெய்யை உருக்கி வைக்கலாம். திருவிளக்கிற்கு எண்ணெயைக் குடத்தில் நிரப்பி வைக்கலாம். பூவை மட்டும் அவ்வாறு சேமிக்க ஒண்ணாது. அன்று மலர்ந்ததே அன்றைக்கு ஆகும். ஆயினும் அன்று மலர்வதற்கு வேண்டிய உழைப்போ ஐந்து ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். சித்திரையில் எம்பெருமான் திருத்தோளில் விளங்கும் மல்லிகைக்குக் கார்த்திகையிலேயே கத்தி எடுத்தவன் எவனோ, அவனே அந்த மாலையை முதலில் தொடுத்தவன் என்று சொல்லத்தகும்.

இவ்வுண்மையை மறந்துவிட்டால், திருமாலை என்பது கடையில் விலைகொடுத்து வாங்கும் பொருளாகச் சுருங்கிவிடும். ஆகவே நம் நாட்டு மலர்கள் எந்தெந்தப் பருவத்தில் நடப்பெற்று, கவாத்துச் செய்யப்பெற்று, மொட்டுவிட்டு, பறிக்கப்பெற்று எம்பெருமானை அடைகின்றன என்பதை ஆண்டு முழுவதற்குமாக ஒருமுறை நோக்குவது அன்பர்களுக்குப் பயன் தரும்.

நந்தவனம் கண்ட பெரியோர்

வைணவ உலகில் நந்தவனத்திற்குப் பெருமை தந்தவர்கள் மூவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குப் பூமாலை கட்டிய பெரியாழ்வார் முதல்வர். திருவரங்கத்தில் துளவமும் மலரும் வளர்த்து அரங்கனுக்கு ஸமர்ப்பித்த தொண்டரடிப்பொடியாழ்வார் இரண்டாமவர். தாம் பாடிய பிரபந்தம் ஒன்றுக்குத் 'திருமாலை' என்றே பெயர் அமைந்ததும், திருப்பள்ளியெழுச்சியின் நிறைவில் தம்மைத் துளவத் தொடையோடும் பூக்கூடையோடும் காட்டிக்கொண்டதும் அவர்தம் தொழிலின்பால் அவருக்கிருந்த பெருமிதத்தைக் காட்டும். திருமலையில் புஷ்ப கைங்கர்யம் செய்ய யார் செல்வார் என்று எம்பெருமானார் வினவியபோது துணிந்து எழுந்த அனந்தாழ்வான் மூன்றாமவர்.

அனந்தாழ்வான் வரலாற்றில் தோட்டக்காரர் ஒவ்வொருவரும் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளிரும் காடும் நிறைந்த மலைமேல் ஏறிய அவர், பூச்செடியோடு நிற்காமல் தம் கையாலேயே ஏரி ஒன்று தோண்டினார். கருவுற்றிருந்த அவருடைய தேவியார் மண் சுமந்தார். அப்போது உதவ வந்த சிறுவன்மேல் அவர் வீசிய கடப்பாரை இன்றும் திருமலைக் கோயிலின் பெருவாயிலில் வைக்கப்பெற்றிருப்பதை யாத்திரிகர் ஸேவிக்கின்றனர். நீரின்றி நந்தவனம் இல்லை என்பதை அந்தக் கடப்பாரை நமக்கு நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பெரியாழ்வாரின் பூப்பட்டியல்

பெரியாழ்வார் திருமொழி இரண்டாம் பத்தில் ஏழாம் திருமொழி, கண்ணனைப் பூச்சூட வருமாறு யசோதைப்பிராட்டி அழைப்பதாக அமைந்தது. அதில் செண்பகம், மல்லிகை, பாதிரி, தமனகம், செங்கழுநீர், புன்னை, குருக்கத்தி, இருவாட்சி, கருமுகை ஆகியவை பாசுரந்தோறும் பேசப்படுகின்றன. தமனகம் என்பது நாம் மருக்கொழுந்து என வழங்குவது. குருக்கத்தி என்பது மாதவிக்கொடி. இருவாட்சியும் கருமுகையும் மல்லிகை இனத்தவை எனக் கொள்வர்.

இப்பட்டியலைப் பக்தியோடு அநுஸந்திப்பவர் பலர். தோட்டக்காரன் கண்ணோடு நோக்குபவர் சிலரே. அவ்வாறு நோக்கினால் ஒன்று புலனாகும். இவை அனைத்தும் ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் கிடைப்பவை அல்ல. மருக்கொழுந்து பனிக்காலப் பயிர். குருக்கத்தி பனி விலகும்போது பூப்பது. மல்லிகை வேனிலுக்கு உரியது. பாதிரி கோடை வெயிலில் உதிர்வது. செங்கழுநீர் நீர்நிலையில் வாழ்வது. இவற்றுள் மரம் உண்டு, கொடி உண்டு, செடி உண்டு, நீர்ப்பூவும் உண்டு. ஆண்டு முழுவதும் பூவொழியாத நந்தவனம் ஒன்றை வைத்துக் காத்தவருடைய வாக்கு இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, நம் முன்னோர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளின் வழியே நந்தவனத்தின் ஆண்டைக் காண்போம். இங்குக் கூறும் காலக்கணக்கு தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியது.

1. கார் (ஆவணி, புரட்டாசி)

கார்காலம் நடவுக்காலம். மல்லிகையை விதையிட்டு வளர்ப்பதில்லை. பதியன் இட்டோ, போத்துகளை நாற்றங்காலில் வேர்விடச் செய்தோ கன்று எடுப்பர். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம் உள்ள குழிகளை முன்னரே எடுத்து ஆறவிட்டு, மக்கிய தொழுவுரம் இட்டு, செடிக்குச் செடி நான்கு அடி இடைவெளியில் நடுவர். ஆனி தொடங்கிக் கார்த்திகை முற்பகுதி வரையில் நடலாமாயினும், கார்மழையின் ஈரத்தில் வேர் ஊன்றும் கன்று உறுதியாக நிற்கும். ஒருமுறை நட்டது பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பயன் தரும்.

முல்லைக்கொடி வேனிலில் தொடங்கிய பூப்பினை இப்பருவம் வரையில் தொடரும். கார்காலத்தையும் முல்லையையும் சேர்த்தே பாடிய தமிழ்ப்புலவர் மரபு வெறுங்கற்பனையன்று. தென்மேற்குக் காற்றின் ஈரம் பட்டு நீர்க்கரைகளில் தாழை மடல் அவிழ்க்கும். பவழமல்லி இரவில் மலர்ந்து, விடியுமுன் தானே உதிரத் தொடங்கும். ஏரி குளங்கள் நீர் பெற, சேற்றில் உறங்கிக் கிடந்த கிழங்குகளிலிருந்து செங்கழுநீரும் ஆம்பலும் தலைதூக்கும்.

புரட்டாசியில் திருத்துழாய்க்கு உண்டாகும் தேவை மற்றெந்த மாதத்திலும் இல்லை. சனிக்கிழமை தோறும் ஸேவார்த்திகள் திரளுவர். அத்தேவையைப் புரட்டாசியில் நினைப்பவனுக்குத் துளசி கிடைக்காது. கடுகினும் சிறிய அதன் விதையை மணலோடு கலந்து வைகாசித் தொடக்கத்தில் நாற்றங்காலில் தூவி, ஆனியில் பறித்து நட்டால்தான், மூன்றாம் மாதமாகிய புரட்டாசியில் முதல் அறுவடை கைக்கு வரும். கதிர் முற்றவிடாமல் கிள்ளிவந்தால் செடி மேன்மேலும் கிளைக்கும். துவாதசியன்று திருத்துழாய் பறிப்பதில்லை என்பது பெரியோர் ஆசாரம். ஆதலால் ஏகாதசியன்றே மறுநாளைக்கும் சேர்த்துப் பறித்து வைப்பர். பறிக்கும் நாளைப் போலவே பறிக்காத நாளும் தோட்டக்கணக்கில் அடங்கியது என்பதை இதனால் உணரலாம்.

இப்பருவத்தில்தான் திருமலை ப்ரஹ்மோத்ஸவத்தின் ஐந்தாம் நாள் கருடஸேவைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை திருவேங்கடமுடையானுக்குச் செல்கின்றது. உத்ஸவம் நிறைவெய்திய மறுநாள், பாக் சவாரி என்னும் பெயரால் அனந்தாழ்வான் தோட்டத்திற்குப் பெருமாள் எழுந்தருளுகிறார். பூவைப் பெற்றவர் பூ வளர்த்தவரைத் தேடிச் செல்வது எத்துணைப் பொருத்தமுடையது!

2. கூதிர் (ஐப்பசி, கார்த்திகை)

வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம். நந்தவனத்தில் இப்போது செய்யத்தக்க முதற்பணி வடிகால் வெட்டுதல். மல்லிகை வேர் தேங்கிய நீரைத் தாங்காது; இலை மஞ்சளித்துச் செடி நலியும். மழையில் நனைந்த மொட்டு விரைவில் பழுத்துவிடுமாதலால் பறிப்பும் குறையும்.

பகல் சுருங்கி இரவு நீளுவது செவ்வந்திக்கு அழைப்பாகும். இரவு நீண்டால்தான் மொட்டுக் கட்டுவது அச்செடியின் இயல்பு. சித்திரை வைகாசியில் நட்டு, ஒரு மாதம் கழித்து நுனி கிள்ளிப் பக்கக்கிளை பெருக்கி வைத்த செவ்வந்தி, இப்போது பூக்கத் தொடங்கித் தை வரையில் உதவும். செவ்வந்தி சீனத்தைப் பிறப்பிடமாகக் கொண்டது என்பர் தாவர நூலார். எனினும் நெடுநாள் பழகி நம் நாட்டுத் தோட்டங்களுக்கு உரியதாகிவிட்டது.

மழை ஓயும் சமயம் பார்த்து மருக்கொழுந்து விதைக்க வேண்டும். விதையை ஈரத்துணியில் கட்டி முளை காட்டியபின் மணலோடு கலந்து பாத்தியில் தூவுவர்.

கார்த்திகை இரண்டாம் வாரம், அஃதாவது நவம்பர் மாதக் கடைசி, மல்லிகைத் தோட்டத்திற்கு ஆண்டின் மிக முக்கியமான நாள். சில நாள் முன்பிருந்தே நீர் பாய்ச்சுவதை நிறுத்தி, செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்துச் செய்வர். காய்ந்த கிளை, நோய்ப்பட்ட கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை யாவும் நீங்கும். பச்சைப்பசேலென்றிருந்த தோட்டம் ஒரே நாளில் வெறுங்குச்சிகளாகத் தோன்றும். பழக்கமில்லாதவர் கண்டால் மனம் வருந்துவர். ஆனால் மல்லிகை புதுத்தளிரில்தான் மொட்டுவிடும். பழைய கிளையைக் கழிக்காத செடி இலையைப் பெருக்குமேயன்றிப் பூவைத் தாராது. கவாத்துக்குப்பின் செடியைச் சுற்றிக் கொத்தி, தொழுவுரம் இட்டு, நீர் பாய்ச்ச வேண்டும்.

3. முன்பனி (மார்கழி, தை)

மாதங்களில் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையில் அருளினான். திருப்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் ஒலிக்க, பகல்பத்து இராப்பத்துத் திருநாட்கள் நிகழ, வழிபாடு மிகுந்து நிற்கும் மாதம் அது. வியப்பு யாதெனில், மல்லிகை இனம் முழுவதும் ஓய்வு கொள்ளும் மாதமும் அதுவே. கோயிலில் தேவை உச்சத்தில் நிற்க, தோட்டத்தில் பூ அடிமட்டத்தில் நிற்கும். இக்காலத்தில் மதுரைச் சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோவது யாவரும் அறிந்ததே. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அம்மதுரை மல்லிகையின் குறை அன்று இது. பனியில் உறங்கும் செடியை எழுப்பிப் பூக் கேட்கும் நம்முடைய பழக்கத்தின் விலை இது.

முன்பனிக்கென்றே பெருமான் படைத்த பூக்கள் உள. குந்தம் என நூல்களும் காக்கடா எனப் பூக்கடையினரும் கூறும் வெண்மலர், மல்லிகை இனத்தில் பிறந்தும் பனிக்காலத்தில் பூக்கும் இயல்புடையது. செவ்வந்தி நிறைந்து நிற்கும். நந்தியாவட்டை ஆண்டின் எல்லா நாளிலும் கைவிடாது. திருத்துழாய் இருக்கவே இருக்கிறது. இவற்றை முன்னரே நட்டு வைத்த கோயிலுக்கு மார்கழியில் பூப்பஞ்சம் இல்லை. வேனிற்பூவையே எந்நாளும் எதிர்பார்க்கும் கோயிலுக்குத்தான் பஞ்சம்.

இப்பருவத்திலும் கத்திக்கு வேலை உண்டு. பிச்சி எனப்படும் சாதிமல்லியை மார்கழி நடுவில், டிசம்பர் மாதக் கடைசியில் கவாத்துச் செய்வர். முல்லையைத் தை நடுவில், ஜனவரி மாதக் கடைசியில் கழிப்பர். மல்லிகைக்குக் கார்த்திகை, பிச்சிக்கு மார்கழி, முல்லைக்குத் தை என்று இவ்வாறு மாதம் ஒன்றாக அமைந்த முறையின் பயன், பூப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வருவதேயாம். இதனை அறியாது மூன்றையும் ஒரே நாளில் வெட்டுபவர் தோட்டத்தின் ஒழுங்கைக் குலைப்பவராவர்.

4. பின்பனி (மாசி, பங்குனி)

கார்த்திகையில் கழித்த மல்லிகை இப்போது தளிர்விட்டு, மாசிக் கடைசியில் முதல் மொட்டுக்களைக் காட்டும். வெயில் ஏற ஏற நீர் பாய்ச்சுவதும் முறையாக நடைபெற வேண்டும். மொட்டுப்புழு தலைகாட்டும் காலமும் இதுவே. புழு தாக்கிய மொட்டுக்களை அன்றன்றே பறித்து அழித்தலும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தலும் நந்தவனத்திற்கு ஏற்ற முறைகள். அர்ச்சகர் கையில் எடுத்துப் பெருமாள் திருமேனியில் சாற்றும் பூவுக்குக் கொடிய நஞ்சு தெளித்தல் ஒருபோதும் தகாது.

மருக்கொழுந்து இப்பருவத்தில் அறுவடைக்கு வரும். பூவினும் இலைக்கே மணம் மிகுந்த இது, கதம்பத்தில் இடைக்கிடையே வைக்கப்பெற்று மற்ற மலர்களின் அழகையும் மணத்தையும் உயர்த்தும். குருக்கத்திக்கொடி வெண்மலர் சூடி நிற்கும். அடர்ந்து படரும் பெருங்கொடியாதலால் மதிலோரம் அதற்கு உகந்த இடம்.

மகிழமரம் பூக்கத் தொடங்குவதும் இப்போதே. விண்மீன் வடிவிலான அதன் சிறுபூக்கள் இரவெல்லாம் உதிர்ந்து விடியலில் தரையை மறைத்துக் கிடக்கும். உலர்ந்தபின்னும் மணம் மாறாமை அம்மலரின் பெருஞ்சிறப்பு. அதனைத் தரித்தமையால் அன்றோ நம்மாழ்வார் வகுளாபரணர் எனப் பெயர் பெற்றார்! காலம் சென்றாலும் மணம் குன்றாத திருவாய்மொழியை அருளியவருக்கு வாடியும் மணக்கும் மகிழ் வாய்த்தது பொருத்தமே.

5. இளவேனில் (சித்திரை, வைகாசி)

நந்தவனத்தின் பெருவிளைவு இப்பருவத்தில். மல்லிகை உச்சத்தை அடையும். திருவரங்கத்தில் கோடைத் திருநாளுக்குப் பூச்சாற்று உத்ஸவம் என்றே பெயர் வழங்குவதும், சித்திரைத் திருவிழாவில் வைகையாற்றில் எழுந்தருளும் கள்ளழகருக்கு ஆண்டாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருவதும், பல திவ்யதேசங்களில் வஸந்தோத்ஸவம் நடைபெறுவதும் இக்காலத்திலேயாம். உத்ஸவங்களைப் பஞ்சாங்கம் கொண்டு மட்டும் வகுத்தாரல்லர் நம் முன்னோர்; தோட்டத்தையும் பார்த்தே வகுத்தார்களோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பொன்னிறச் சண்பகம் மரத்தின் உச்சியில் மலர்ந்து தெருக்கோடி வரையில் மணம் பரப்பும். திருவேங்கடமலையில் ஒரு செண்பகமரமாய் நிற்கும் பேறு கிடைத்தாலும் போதும் என்று குலசேகராழ்வார் விரும்பியதை ஈண்டு நினைக்கலாம். பாதிரி மரம் கோடை வெயிலில் பூத்துத் தரையெல்லாம் மணக்க உதிரும். புன்னை கடற்கரை ஊர்களுக்கு இயற்கை அளித்த செல்வம். மஞ்சள் மகரந்தத்தை நடுவில் ஏந்திய அதன் வெண்மலர் ஆண்டில் இருமுறை தோன்றுவதும் உண்டு.

பறிக்கும் முறையை இங்குக் கூறுதல் வேண்டும். மல்லிகையும் முல்லையும் மொட்டாகவே பறிக்கத்தக்கவை. நன்கு பருத்து வெளுத்து, ஆனால் வாய்திறவாத மொட்டைச் சூரியோதயத்திற்கு முன் பறிக்க வேண்டும். வெயில் ஏறியபின் பறித்த மொட்டு வாடிக் கனம் குறைந்து, மாலையில் சரியாக விரியாது. விடியலில் பறித்துத் தொடுத்துச் சாற்றிய மொட்டோ, பெருமாள் திருமேனியில் இருந்தபடியே அந்திப்பொழுதில் மலரும். மலரும் அந்த நேரமே எம்பெருமானுக்கு உரியதாயிற்று. தாமரையை விடியலில் கொய்ய வேண்டும். செவ்வந்தியை மலர்ந்தபின் கொய்ய வேண்டும். பொதுவாகத் தரையில் விழுந்த பூவை ஆராதனத்திற்குக் கொள்வதில்லை. தானே உதிரும் பவழமல்லிக்கும் மகிழுக்கும் மட்டும் விலக்குண்டு. அவற்றிற்கு முன்னிரவிலேயே மரத்தடியில் தூய துணி விரித்து வைப்பது முறை.

பறித்த பூவை முகரலாகாது. பூக்குடலையைத் தரையில் வைக்கலாகாது. தொடுப்பதற்கு வாழைநாரே ஏற்றது. சூடிக்கொடுத்த நாச்சியாரின் செயல் பிராட்டிக்கு உரிய தனிப்பெருமை. நமக்கு உரியது தூய்மை ஒன்றே.

6. முதுவேனில் (ஆனி, ஆடி)

கிணறு வற்றும் காலம். மல்லிகை குறையத் தொடங்கும்போது முல்லையும் பிச்சியும் அதன் இடத்தை ஏற்கும். வைத்த உரம் தீர்ந்திருக்குமாதலால் செடிகளுக்கு இரண்டாம் முறை உரமிட வேண்டியது இப்போதே. செடியடியில் சருகும் வைக்கோலும் பரப்பி ஈரம் காக்க வேண்டும். வரும் கார்காலத்துக்குக் குழி வெட்டி வைக்க வேண்டும். குளத்தில் நீர் குறைந்துள்ளபோதே தூர் வாருவதும் எளிது.

வெளியே நோக்குவார்க்கு நந்தவனம் பொலிவிழந்து காணும் இப்பருவத்திலேயே வைணவர்க்கு இரண்டு பெருநாட்கள் அமைந்தன. ஆனிச் சுவாதி பெரியாழ்வார் திருநக்ஷத்திரம். ஆடிப்பூரம் ஆண்டாள் திருநக்ஷத்திரம். தோட்டக்காரரும், தோட்டத்தில் துளசிப்பாத்தியில் கிடைத்த பெண்ணமுதும் அவதரித்தது நடவுக்கு மண்ணைத் திருத்தும் காலத்தில்! ஆண்டாள் தோன்றிய நந்தவனம் இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரில் போற்றப்பெறுகிறது. ஆடியில் மண்ணைக் கொத்துபவன் கையில் என்ன கிடைக்கும் என்று யார் அறிவார்?

இன்றைய நிலை

முன்பு நந்தவனம் இல்லாத பெருங்கோயிலைக் காண்பது அரிது. மன்னரும் செல்வரும் நந்தவனத்துக்கென நிலம் விட்டதையும், அதனைப் பேணுவார்க்கு வழி வகுத்ததையும் கோயிற் கல்வெட்டுக்கள் பல கூறுகின்றன. இன்று பல ஊர்களில் நந்தவனம் என்பது மதிலுக்குள் ஒரு வெற்றிடத்தின் பெயராக எஞ்சியுள்ளது. பூ சந்தையிலிருந்து வருகிறது. வருவனவற்றுள் பெரும்பகுதி, மெக்ஸிகோ நாட்டிலிருந்து கடல்கடந்து வந்த நிலச்சம்பங்கியும் துலுக்கச் செவ்வந்தியுமே.

அவற்றை இகழ்வது நம் கருத்தன்று. இலையோ பூவோ பழமோ நீரோ, அன்போடு அளிப்பதை ஏற்பேன் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் கூறிய பெருமான், பூ பிறந்த நாட்டை வினவுவானல்லன். ஆனால் இழப்பு நம்முடையது. குருக்கத்தியைக் கண்ணால் காணாத, பாதிரியின் மணத்தை அறியாத ஒரு தலைமுறை பெரியாழ்வார் திருமொழியை ஓதும்போது, அப்பெயர்கள் வெறும் ஓசையாகவே நின்றுவிடும். உரையாசிரியர் எத்துணை விளக்கினாலும் ஒரு பூவைக் கையில் கொடுத்ததற்கு அது ஈடாகாது. அருளிச்செயலைக் காக்கும் நாம், அது பேசும் பொருளையும் காக்க வேண்டாமா?

செய்யத்தக்கன

பெருநிலம் வேண்டியதில்லை. ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 25 மல்லிகைச் செடிகள் நிற்கும். நன்கு பேணினால் ஒரு செடி ஆண்டுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலும் பூத் தரும். ஒரு சிறு ஸந்நிதியின் வேனிற்கால நித்தியப்படித் திருமாலைக்கு அது பெருந்துணையாகும். அதே அளவு இடம் திருத்துழாய்க்கும், அதிற் பாதி முல்லைக்கும் பிச்சிக்கும், ஓரங்களில் நந்தியாவட்டையும் குந்தமும், மழைக்குப்பின் ஒரு பாத்தியில் மருக்கொழுந்தும், மதிலோரம் ஒரு குருக்கத்திக்கொடியும் அமைந்தால், எம்மாதத்திலும் கூடை வெறுமையாகாது.

மரங்களுக்குப் பொறுமை வேண்டும். விதையிலிருந்து வளர்ந்த சண்பகம் பூக்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று இரண்டு மூன்று ஆண்டுகளில் பூக்கும். மகிழ் மெல்ல வளரும். நட்டவர் பூவைக் காணாது போகலாம். ஆயினும் நம் பிள்ளைகள் காண்பர். கோயிற்கைங்கர்யம் என்பது தன் காலத்தோடு கணக்கை முடித்துக்கொள்வதன்று.

சாற்றிக் களைந்த மாலைகளையும் வீணாக்கலாகாது. பிறர் காலடியில் படாதவாறு ஒரு குழியில் சேர்த்து மக்கவைத்தால், அதுவே அடுத்த ஆண்டுப் பூவுக்கு உரமாகும். திருமலையில் 2021ஆம் ஆண்டு முதல் களைந்த மலர்களைக் கொண்டு ஊதுவத்தி செய்யப்பெறுகிறது. எவ்வழியாயினும், பெருமாளைச் சேர்ந்த பூ குப்பையைச் சேராதிருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. உத்ஸவ காலத்தில் பெரிய மாலை வாங்கி ஸமர்ப்பிக்கும் அன்பர்கள் பலர் உளர். அவர்கள் பக்தி போற்றத்தக்கதே. அவர்களுள் ஒவ்வொருவரும் கார்த்திகையில் ஒருநாள் கவாத்துக்கும், தையில் ஒருநாள் களையெடுப்புக்கும், ஆனியில் ஒருநாள் குழி வெட்டவும் நந்தவனத்திற்கு வருவாராயின், அடுத்த உத்ஸவத்தில் பெருமாள் திருத்தோளில் அவர்கள் காணும் மாலை விலைகொடுத்த மாலையாக இராது. பூவை யாரும் உண்டாக்க இயலாது. அது அவன் செயல். அது வரும் வழியைப் பருவந்தோறும் திருத்தி வைத்துக் காத்திருப்பதே அடியார் செயல். பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் அனந்தாழ்வானும் செய்தது அதுவே.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.